பழைய டிராக்டரில் கிளட்ச் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1940-களிலிருந்து 1970-கள் வரை வந்த, உலர் கிளட்ச் (ஆயிலில் மூழ்காமல் வேலை செய்யும் கிளட்ச்) கொண்ட டிராக்டர்களுக்கான பக்கம் இது. ஃபெர்குசன் டிஇ20, ஃபோர்டு 8என், மாஸி ஃபெர்குசன் 35, 135 போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். இங்கே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

கிளட்ச்சுக்கு வரும் முக்கியக் கோளாறு இரண்டு வகை. ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது. மற்றது, விட வேண்டிய நேரத்தில் விடாமல் இழுப்பது. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. "கிளட்ச் போச்சு" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்குவதால்தான் தேவையில்லாமல் பல வண்டிகள் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன.

வழுக்குகிறதா என்று பார்க்க: சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். எதிரே ஆள் நிற்கக் கூடாது. பிரேக்கை அழுத்திப் பூட்டி, மேல் கியரில் போட்டு, எஞ்சினை 1000 முதல் 1200 ஆர்பிஎம் வரை வைத்துக்கொண்டு பெடலைச் சீராக விடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இரண்டு முறைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் பிளேட் (எஞ்சினோடு சுற்றும் கனத்த ஃபிளைவீலில் அழுந்திப் பிடிக்கும் உராய்வுத் தட்டு) சூடாகும்.

விடுகிறதா என்று பார்க்க: எஞ்சின் ஐடிலில், கியர் நியூட்ரலில். பெடலை முழுதாக மிதித்து, மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் விடுகிறது. பத்து எண்ணிய பிறகும் பல் அரைத்தால் விடவில்லை. அந்தக் காலத்து கியர்பாக்ஸ்களில் சிங்க்ரோ (கியர் போடும்முன் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. மிதித்த உடனே கியர் போட்டு வரும் கரகர சத்தத்தைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். பிளேட் சுற்றி நிற்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

வண்டி சில வருடம் ஷெட்டில் நின்றது. பெடல் நன்றாக இறங்குகிறது, ஆனால் எந்த கியரும் விழவில்லை. பிரிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஈரக்காற்றில் ஃபிளைவீல் முகம் துருப்பிடித்து பிளேட் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெல் ஹவுசிங்கில் (கிளட்ச்சைச் சுற்றியுள்ள கூட்டில்) பார்வை மூடி இருந்தால் கழற்றிவிட்டு, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் உள்ளே பார்க்கட்டும். விரல்கள் (பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டின் நெம்புகள்) உள்ளே போய் வந்தால் பெடல், ஃபோர்க் (பெடல் அசைவை உள்ளே கொண்டுபோகும் கவை), பிரஷர் பிளேட் மூன்றும் வேலை செய்கின்றன. ஒட்டியிருப்பது பிளேட் மட்டும்தான்.

முதலில் பொறுமையான வழி. எஞ்சினை நியூட்ரலில் அரைமணி நேரம் ஓட்டி பெல் ஹவுசிங் சூடேறட்டும். அணைத்துவிட்டு, பெடலை முழுதாக மிதித்து ஒரு மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து ஓரிரு நாள் விடுங்கள். பல வண்டிகளில் இதிலேயே விட்டுவிடும்.

விடவில்லையென்றால் அகலமான, சமமான, ஆளில்லாத இடம் வேண்டும். பெடல் மிதிபட்ட நிலையில் மேல் கியரில் வண்டி ஓட வேண்டும். ஓடும்போது ஆக்சிலரேட்டரைத் திடீரென்று கூட்டிக் குறைத்து, இடையிடையே இரண்டு பிரேக்கையும் ஒன்றாக அழுத்துங்கள். அந்த உதறலில் துரு உடையும். கியரில் வைத்தே ஸ்டார்ட் செய்ய வேண்டியிருப்பதால், சாவி திருகிய கணமே வண்டி நகரும் என்பதை மறக்காதீர்கள். தரையில் நின்றபடி ஸ்டார்ட் செய்வது உயிருக்கு ஆபத்து. எல்லா வண்டியும் கியரில் ஸ்டார்ட் ஆகாது: ஃபெர்குசன் டிஇ20-ல் கியர் லீவரைத் தனி நிலைக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். அதை இன்னொரு வண்டியால் மெதுவாக இழுத்துத்தான் கியரில் கிளப்ப முடியும்.

பார்வைத் துளை வழியாக ஆயில், டீசல், துருநீக்கி எதையும் தெளிக்காதீர்கள். ஒட்டியது விடும், பிறகு வழுக்க ஆரம்பிக்கும். அப்போது பிரித்தே ஆக வேண்டும்.

பின்னால் சுழலும் புல்வெட்டி பூட்டியிருக்கும்போது பெடலை மிதித்தாலும் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. கிளட்ச் விடவில்லையா?

கிளட்ச் விட்டுவிட்டது. தள்ளுவது புல்வெட்டி. ஃபெர்குசன் டிஇ20, ஃபோர்டு 8என் போன்ற ஒற்றை கிளட்ச் வண்டிகளில் பிடிஓ (பின்னால் பூட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் அமைப்பு), கியர்பாக்ஸ் இரண்டும் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கின்றன. எஞ்சினைத் துண்டித்த பிறகும், வேகமாகச் சுழலும் கனமான வெட்டுக்கத்தி தன் ஓட்டத்தைப் பிடிஓ ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. வேலி, கால்வாய் ஓரங்களில் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. பிடிஓ ஷாஃப்ட்டில் ஒருவழி கப்ளிங் போடுவதுதான் தீர்வு. எஞ்சினிலிருந்து கருவிக்குச் சக்தி போகும், கருவியிலிருந்து வண்டிக்குத் திரும்பாது. கனமான சுழல்கருவி ஓட்டும் எந்தப் பழைய வண்டிக்கும் இது கட்டாயம் என்பதே எங்கள் கருத்து.

பெடலில் எவ்வளவு ஃப்ரீ பிளே வேண்டும்?

பெடலைக் கையால் (காலால் அல்ல) அழுத்தினால் முதலில் எடையே இல்லாமல் கொஞ்சம் இறங்கும், பிறகு கனம் தெரியும். அந்த வெற்று ஓட்டம்தான் ஃப்ரீ பிளே. பெடல் நுனியில் அளந்தால் 20 முதல் 25 மி.மீ. வரை பொதுவான அளவு. ஃபோர்டு 8என்னுக்கு முக்கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 19 மி.மீ. இந்த ஓட்டம் இருந்தால் உள்ளே ரிலீஸ் பேரிங்குக்கும் (பெடலை மிதித்தால் விரல்களைத் தள்ளும் பேரிங்) விரல்களுக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. வரை இடைவெளி இருக்கிறது என்று பொருள்.

பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான். பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே அதிகரிக்காது, குறையும். லைனிங் மெலிந்தால் பிரஷர் பிளேட் ஃபிளைவீல் பக்கம் நகர்கிறது. விரல்கள் நடுவில் அச்சில் ஆடுவதால் அவற்றின் உள்நுனி எதிர்ப்பக்கமாக, ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகிறது. கவனிக்காமல் விட்டால் ஒருநாள் விரல்கள் பேரிங்கைத் தொட்டு நிற்கும். அதன்பிறகு பெடலை யாரும் மிதிக்காமலே கிளட்ச் அரைகுறையாக மிதிபட்ட நிலையில் இருக்கும்: பேரிங் ஓயாமல் சுற்றிக் கருகும், விரல் நுனி தேயும், பிளேட் வழுக்கி எரியும். பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது.

சரிசெய்வது சுலபம். பெடல் கம்பியின் நுனியில் உள்ள யோக்கின் காட்டர் பின்னை எடுத்து, ஊசியைக் கழற்றி, லாக் நட்டைத் தளர்த்தி, யோக்கைச் சுற்றுச் சுற்றாகத் திருகி அளந்து பாருங்கள். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். வழுக்குகிற வண்டியில் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். பிளேட் இன்னும் எரியாமல் இருந்தால் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

சத்தம் வருகிறது. எந்த பேரிங் என்று பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தால். பெடலை லேசாகத் தொட்டு ஃப்ரீ பிளே தீரும் இடத்தில் கீச்சென்று ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது இரைந்து, முழுதாக மிதித்து கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நின்றதும் அடங்கினால் கியர்பாக்ஸ் முன் பேரிங். கியரில் போட்டு, பெடலை முழுதாக மிதித்து வண்டி நிற்கும்போது மட்டும் வந்தால் பைலட் பேரிங் (அந்த ஷாஃப்ட்டின் முன்நுனியைத் தாங்கும் பேரிங்). அந்த நேரத்தில்தான் ஃபிளைவீல் சுற்ற ஷாஃப்ட் அசையாமல் நிற்கிறது, பைலட் பேரிங் வேலை செய்வதே அப்போதுதான்.

பெல் ஹவுசிங் அடியிலிருந்து ஆயில் சொட்டுகிறது.

அடியில் ஒரு சிறு துளையும் அதில் தொங்கும் ஒரு காட்டர் பின்னும் இருக்கும். அந்தப் பின் எதையும் பூட்டுவதற்காக வைத்ததல்ல. வண்டி ஆடும்போது அதுவும் ஆடி, துளை அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது. கசியும் ஆயில் கிளட்ச்சில் படாமல் வெளியே போக அந்தத் துளை தேவை. சொட்டுவதைப் பார்த்துத் துளையை அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் ஆயில் உள்ளே தேங்கி ஃபிளைவீல் அதை அள்ளி பிளேட்டில் வீசும்.

சொட்டும் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக, மெல்லியதாக இருந்தால் எஞ்சினின் பின் மெயின் சீல். தெளிவாக, கெட்டியாக இருந்தால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். எது என்று தெரியாவிட்டால், பிரித்த பிறகு இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

ஆயிலில் நனைந்த பிளேட்டை பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மீட்க முடியாது. மேலே காய்ந்தாலும், முதல் சூட்டில் உள்ளிருந்து ஆயில் கசிந்து வரும்.

எல்லா டிராக்டரையும் பிரித்துத்தான் கிளட்ச்சை எடுக்க வேண்டுமா?

இல்லை. ஃபார்மால் எச், எம் போன்றவற்றில் அடியிலுள்ள மூடியைக் கழற்றி, இணைப்பு ஷாஃப்ட்டை விலக்கி, கிளட்ச்சைக் கீழ்வழியாக இறக்கலாம். ஜான் டியரின் பெரும்பாலான இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கிளட்ச் வெளியே, பெல்ட் புல்லிக்குள் இருக்கிறது (அதைப் பற்றித் தனியே கீழே). ஃபெர்குசன், மாஸி, ஃபோர்டு வகைகளில் எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. அங்கே நடுவில் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

பிரிப்பதற்கு முன் எதையெல்லாம் வாங்கி வைக்க வேண்டும்?

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின் மெயின் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், ஃபோர்க் ஷாஃப்ட் புஷ் இரண்டு, புது லாக் வாஷர்கள், காட்டர் பின்கள். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. இவற்றில் பாதிக்குமேல் சின்னச் சாமான். ஆனால் அதில் எது போனாலும் மறுபடி வண்டியைப் பிரித்தாக வேண்டும்.

மாடல் பெயரை மட்டும் சொல்லி பிளேட் வாங்காதீர்கள். மாஸி 35, 135 இரண்டுமே ஒற்றை கிளட்ச்சிலும் வந்தன, இரட்டை கிளட்ச்சிலும் வந்தன. ஐம்பது, அறுபது வருடத்தில் யார் எதை மாற்றினார்கள் என்றும் தெரியாது. பழைய பிளேட்டின் வெளி விட்டம், ஹப் (பிளேட்டின் நடுப்பகுதி) துளையின் விட்டம், ஸ்பிளைன் (ஹப்பை ஷாஃப்ட்டோடு பூட்டும் நீளப் பற்கள்) எண்ணிக்கை மூன்றையும் புதியதோடு ஒப்பிட்டு, புது பிளேட்டை இன்புட் ஷாஃப்ட்டில் மாட்டி வழுக்கிப் பார்த்த பிறகே பொருத்துங்கள். போல்ட்களும் அங்குல அளவுதான். இறுகவில்லை என்று மில்லிமீட்டர் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் ஃபிளைவீல் மரை போய்விடும்.

பிரிக்கும் முறை என்ன?

சிறிய வண்டியே ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். பிரிந்தபின் ஒவ்வொரு பாதியும் பல நூறு கிலோ. அதனால் நேரத்தில் முக்கால் பங்கு தாங்குகட்டைகளுக்கே போனாலும் தகும். தரை கான்கிரீட்டாக இருக்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டு சாய்ந்துவிடும்.

முதலில் பாட்டரியைக் கழற்றுங்கள், எரிபொருள் குழாயை மூடுங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. அடுத்து, மறக்கவே கூடாத ஒன்று: முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடுகிறது. வண்டி முழுசாக இருக்கும்வரை பின்சக்கரங்கள் அதை நேராக வைத்திருக்கின்றன. பிரிந்த கணம் எஞ்சின் பக்கவாட்டில் கவிழப் பார்க்கும். அச்சுக்கும் முன் தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் கெட்டியான மர ஆப்புகளை இறுக்கமாக அடித்துவிடுங்கள்.

பிறகு முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்: ஸ்டீயரிங் இழுகம்பிகள், அச்சிலிருந்து பின்னோக்கி வரும் தாங்குகம்பிகள், ஆக்சிலரேட்டர் கம்பி, வயர்கள், மீட்டர் கேபிள், புகைக்குழாய் பிடிப்பு, டேங்க்கின் பின்தாங்கி. ஒவ்வொரு வயருக்கும் துணிநாடா ஒட்டி எண் எழுதுங்கள். கியர்பாக்ஸின் முன்பகுதிக்குக் கீழே உறுதியான ஸ்டாண்டு நிலையாக நிற்கட்டும். எஞ்சின் பக்கம், சம்ப்பின் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) பின்கோடிக்குக் கீழே மரப்பலகை வைத்து உருளும் ஜாக்கி. சம்ப் தகடாக இருந்தால் அதில் எடை ஏற்றாதீர்கள், எஞ்சின் பிளாக்கின் விளிம்பில் தாங்குங்கள்.

பெல் ஹவுசிங் போல்ட்களைச் சுற்றிலும் கழற்றுங்கள்; ஒன்றிரண்டு ஸ்டார்ட்டர் மறைவில் இருக்கும். இணைப்பு ஊசிகள் இரண்டு இருப்பதால் உடனே பிரியாது. ஜாக்கியை மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கி, எடை எந்தப் பக்கமும் தொங்காத உயரத்தைக் கண்டுபிடித்தால் தானாகவே விலகும். கடப்பாரை போட்டு நெம்பினால் முகம் சிதையும். முன்பாதியை நேராக முன்னால் உருட்டுங்கள். இரண்டடி இடைவெளி கிடைத்தால் வேலை செய்யப் போதும். விலகிய பிறகும் இரண்டு பாதிக்கும் ஸ்டாண்டு வைக்காமல் நடுவே போகாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு அதை நம்பக் கூடாது.

உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்துச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். ஏர் அடித்தாலும் உலர் பிரஷ்ஷால் தட்டினாலும் நார் காற்றில் பறக்கும், மூச்சில் போனது நுரையீரலை விட்டு வராது, புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பழைய பிளேட்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். நுண்துகள் வடிகட்டும் முகமூடி போடுங்கள், கைக்குட்டை பயன்படாது. பழைய லைனிங்கை எமரித் தாளால் தேய்ப்பதும் இதே காரணத்தால் தவறு.

பிரஷர் பிளேட்டைக் கழற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கழற்றுவதற்கு முன் கவரிலும் ஃபிளைவீலிலும் சென்டர் பஞ்ச்சால் ஒரே நேரில் குறி போடுங்கள். பழையதையே திரும்பப் போட்டால் பேலன்ஸ் மாறாது. போல்ட்களை ஒவ்வொன்றாக முழுதும் கழற்றக் கூடாது. எதிரெதிரே அரைச்சுற்று அரைச்சுற்றாகச் சுற்றிவந்து தளர்த்தினால்தான் கவர் கோணாது.

எது எது எந்த நிலையில் இருந்தால் மாற்ற வேண்டும்?

பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேலே லைனிங் அரை மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் ஆயுள் முடிந்தது. ரிவெட் ஃபிளைவீலைத் தொட ஆரம்பித்தால் வட்டவட்டமாகக் கீறிவிடும். ஹப்பின் ஸ்பிரிங்குகள் கையால் ஆடினாலோ ஸ்பிளைன் படிபடியாகத் தேய்ந்திருந்தாலோ லைனிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிளேட் வேண்டாம்.

பிரஷர் பிளேட்டின் முகத்தில் இரும்பு அளவுகோலைக் குறுக்காக நிறுத்தி வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால், நீலம் பாய்ந்திருந்தால், நகத்தில் தட்டும் வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். விரல் நுனிகளில் ஆழமான பள்ளம் இருந்தால், ஃப்ரீ பிளே இல்லாமல் நெடுநாள் ஓடிய வண்டி அது. புதுசைப் போட்டுவிட்டு அந்தப் பழக்கத்தையும் சரிசெய்ய வேண்டும்.

ஃபோர்க், அதன் ஷாஃப்ட், புஷ்: ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் பெடலின் ஓட்டத்தில் பாதி அங்கேயே தீர்ந்துபோகிறது; பேரிங்கும் கோணலாகத் தள்ளப்படுகிறது. ஃபோர்க்கை ஷாஃப்ட்டில் பூட்டும் சாவி அல்லது போல்ட்டைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். பெடல் திடீரென்று எடையில்லாமல் தரைக்குப் போனது என்று சொல்லப்படும் வண்டிகளில் உடைந்திருப்பது பெரும்பாலும் அதுதான்.

ஃபிளைவீலை லேத்தில் கடையலாமா?

முகத்தில் கீறலும் சூட்டுப் புள்ளியும் இருந்தால் கடைய வேண்டும். ஆனால் எது என்று பார்த்துக் கடைய வேண்டும். முகம் தட்டையாக, கவர் போல்ட் இருக்கும் விளிம்பும் அதே மட்டத்தில் இருந்தால், மேற்பரப்பு முழுவதும் ஒன்றாகக் குறையும், சிக்கல் இல்லை. பிளேட் உட்காரும் முகம் குழிக்குள் இருந்து, கவர் மேலே விளிம்பில் உட்காரும் வகை என்றால், குழியில் எவ்வளவு எடுத்தீர்களோ அதே அளவு விளிம்பிலும் எடுக்க வேண்டும். குழியை மட்டும் கடைந்தால் பிளேட் ஆழத்துக்குப் போய்விடும், ஸ்பிரிங்குகள் போதுமான அளவு அமுங்காது, விரல் உயரமும் மாறும். புது பிளேட், புது பிரஷர் பிளேட் போட்டும் முதல் நாளே வழுக்குகிறது என்று வரும் புகார்களில் தேட வேண்டிய இடம் இது. லேத் வேலை தெரிந்தவருக்கும் கிளட்ச் தெரியும் என்று எண்ணாமல், இரண்டு முகத்துக்கும் இடையே உள்ள ஆழத்தைக் கொடுக்கும் முன் அளந்து எழுதி, திரும்ப வந்ததும் அளந்து பாருங்கள்.

பொருத்திய பின் டயல் கேஜ் வைத்து ஓரத்தில் சுற்றிப் பாருங்கள், 0.13 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. அதிகமென்றால் முதலில் கிராங்க் முகத்தில் அழுக்கோ பிசிறோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்கவும்.

பைலட் பேரிங் வரமாட்டேன் என்கிறது.

வெண்கல புஷ் என்றால்: குழிக்குள் கிரீஸைக் காற்றில்லாமல் நிரப்பி, புஷ்ஷின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புத் தண்டை வைத்துச் சுத்தியால் அடியுங்கள். கிரீஸுக்குப் போக்கிடம் இல்லாததால் புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளி வெளியேற்றும். ஈரமான காகிதத்தை உருட்டித் திணித்தாலும் இதே பலன், சுத்தம் செய்வதும் சுலபம். பால் பேரிங்குக்கு உள்புல்லர் நல்லது. புது வெண்கல புஷ்ஷை ஒருநாள் முன்பே எஞ்சின் ஆயிலில் ஊறவைத்துப் பொருத்துங்கள்; அதன் நுண்துளைகள் ஆயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு கிரீஸ் வைத்தால் துளை அடைபடும்.

இரட்டை கிளட்ச்சில் என்ன வித்தியாசம்?

பெடலைப் பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் ஓட்டம் நிற்கிறது, முழுதும் மிதித்தால் பிடிஓவும் நிற்கிறது. இரண்டு பிளேட், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஷாஃப்ட். முன் பிளேட் உள் ஷாஃப்ட்டிலும் பின் பிளேட் அதைச் சுற்றிய குழல் ஷாஃப்ட்டிலும் உட்காருவதால், இரண்டின் ஸ்பிளைனும் வேறு. சீராக்கும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் நேர்ப்படுத்தும் படிவைத்த தண்டு வேண்டும்.

இந்த யூனிட்டை மேசைமேல் வைத்து போல்ட்டைக் கழற்றாதீர்கள். உள்ளே ஸ்பிரிங்குகள் அமுங்கிய நிலையில் இருக்கின்றன, கவர் தெறித்து முகத்தில் அடிக்கும். பிரஸ்ஸில் அமுக்கி வைத்தோ, மூன்று நீள போல்ட்களை மாற்றிப் போட்டோ மெதுவாகத்தான் தளர்த்த வேண்டும். மாஸி வகைகளில் பிடிஓ நிலைக்குத் தனியாக மூன்று சரிசெய் திருகுகள் உண்டு. மூன்றிலும் இடைவெளி சர்வீஸ் புத்தகம் சொல்லும் ஒரே எண்ணில், ஃபீலர் கேஜ் வைத்து அமைய வேண்டும். பெடல் தரையைத் தொட்டும் பிடிஓ நிற்காத வண்டியில், பிரிக்கும் முன் பார்வை மூடி வழியாக இந்தத் திருகுகளைப் பாருங்கள்.

புது பிளேட்டை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

பிளேட்டிலேயே ஃபிளைவீல் பக்கம் என்று பொறித்திருந்தால் அதன்படி. ஒற்றை கிளட்ச்சில் பெரும்பாலும் ஹப்பின் நீண்ட பக்கமும் ஸ்பிரிங் துருத்தும் பக்கமும் கியர்பாக்ஸை நோக்கும். சந்தேகம் தீர, போல்ட் போடும் முன் பிளேட்டை ஃபிளைவீல்மேல் கையால் வைத்துச் சுற்றுங்கள். ஹப் ஃபிளைவீல் போல்ட் தலைகளில் இடித்தால் பக்கம் தவறு.

பொருத்தும் வரிசை?

ஃபிளைவீல், பிரஷர் பிளேட் முகங்களிலிருந்து பாதுகாப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்கவும். கைரேகை எண்ணெய்கூட லைனிங்கில் வேண்டாம். இன்புட் ஷாஃப்ட் ஸ்பிளைனில் சூடு தாங்கும் கிரீஸை மெலிதாகத் தடவி, புது பிளேட்டை ஒருமுறை மாட்டி எடுத்து, வழிந்து நிற்பதைத் துடைத்துவிடுங்கள். நேர்ப்படுத்தும் தண்டை பைலட் பேரிங் வரை செருகி, பிளேட்டை அதில் தாங்கவைத்து, கவரை வைத்து, போல்ட்களை எதிரெதிரே அரைச்சுற்றாக இறுக்கவும். புத்தகத்தில் வேறு சொல்லாவிட்டால் 5/16 அங்குல போல்ட்டுக்கு 23 நியூட்டன் மீட்டர், 3/8 அங்குலத்துக்கு 40 நியூட்டன் மீட்டர் ஒட்டி. சில புது பிரஷர் பிளேட்களில் விரல்களுக்கு அடியில் கட்டையோ வாஷரோ செருகி அனுப்பியிருப்பார்கள். இறுக்கி முடித்ததும் அதை எடுக்க வேண்டும். எடுக்காமலே மூடப்பட்ட வண்டிகள் உண்டு.

பிறகு விரல்களின் உயரம். ஃபிளைவீலின் கடைந்த முகத்திலிருந்து ஒவ்வொரு விரல் நுனிக்கும் அளந்தால் எல்லாம் 0.4 மி.மீ.க்குள் ஒன்றாக வர வேண்டும். ஒரு விரல் உயர்ந்திருந்தால் பிரஷர் பிளேட் சாய்வாகத் தூக்கும், ஒரு பக்கம் விடாது, பிடிக்கும்போது உதறும். புதுசு என்பதற்காக இந்த அளவெடுப்பைத் தவிர்க்காதீர்கள்.

இரண்டு பாதியையும் சேர்க்கும்போது கடைசி ஓரங்குலம் வரவில்லை. போல்ட் போட்டு இழுத்துவிடலாமா?

இழுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். அந்த ஓரங்குலத்தில் ஸ்பிளைன் பல்லோடு பல் முட்டிக்கொண்டோ, ஷாஃப்ட் நுனி பைலட் பேரிங்கின் விளிம்பில் இடித்தோ நிற்கிறது. போல்ட்டால் இழுத்தால் ஹப்பைச் சுற்றியுள்ள மெல்லிய தகடு வளையும். வண்டி மூடிவிடும், ஓடவும் செய்யும், ஆனால் கிளட்ச் ஒருநாளும் சுத்தமாக விடாது. பாதி மாட்டிய நிலையில் கியர்பாக்ஸின் எடை பிளேட் ஹப்பில் தொங்கினாலும் இதே சேதம்தான்.

சரியான வழி: தலை வெட்டிய இரண்டு நீள போல்ட்களை எதிரெதிர்த் துளைகளில் வழிகாட்டியாகத் திருகுங்கள். இரண்டு முகங்களுக்கும் நடுவே இடைவெளியை மேலே, கீழே, இரு பக்கம் என நான்கு இடத்தில் அளந்து, ஜாக்கியால் சமப்படுத்துங்கள். மேல் கியரில் போட்டு, ஒருவர் தூக்கி நிறுத்திய பின்சக்கரத்தையோ ஃபிளைவீலையோ கையால் மெல்லச் சுற்ற, மற்றவர் தள்ளட்டும். இரட்டை கிளட்ச்சில் பிடிஓ ஷாஃப்ட்டையும் சுற்ற வேண்டும். சரியாக நேர்ப்பட்டால் கைத்தள்ளலிலேயே முகம் முகத்தோடு உட்காரும். அதன் பிறகுதான் போல்ட்.

எல்லாம் புதுசு போட்டும் கிளட்ச் விடவில்லை.

மறுபடி பிரிக்கும் முன்: ஃப்ரீ பிளே அளவுக்கு மேல் இருக்கிறதா? பெடல் தரையைத் தொடும்போது ஃபோர்க் ஷாஃப்ட் உண்மையில் எவ்வளவு சுற்றுகிறது? யோக் ஊசிகளும் துளைகளும் முட்டைவடிவமாகத் தேய்ந்திருந்தால் ஓட்டம் அங்கேயே போகும். இவை சரியென்றால் உள்ளே ஹப் வளைந்திருக்கலாம், பிளேட் திருப்பிப் போட்டிருக்கலாம், பைலட் பேரிங் இறுகி ஷாஃப்ட்டையும் கூடவே சுற்றலாம். கடைசியாகச் சொன்னதில் பிளேட் விட்டிருந்தாலும் ஷாஃப்ட் நிற்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு கிளட்ச் விடாதது போலவே தெரியும்.

பெடலை விடும்போது வண்டி உதறுகிறது.

புது பிளேட் என்றால் முதல் சில மணி நேரம் லேசான உதறல் இருக்கலாம். தொடர்ந்தால் லைனிங்கில் கிரீஸ் அல்லது ஆயில், ஏற்றத்தாழ்வான விரல்கள், கடையாமல் விட்ட ஃபிளைவீல், இவற்றில் ஒன்று.

புது கிளட்ச்சை எப்படிப் பழக்குவது?

முதல் நாள் ஏர் கலப்பையைப் பூட்டாதீர்கள். எடையில்லாமல் கீழ் கியரில் இருபது, முப்பது முறை நின்று நின்று கிளப்புங்கள், இடையில் ஆறவிடுங்கள். லைனிங் முழு முகத்திலும் படிந்த பிறகே அதன் முழுப்பிடி வரும். 5 முதல் 10 மணி நேரம் ஓடியதும் ஃப்ரீ பிளேயைக் கட்டாயம் பாருங்கள். புது லைனிங் படியும்போது அது வேகமாகக் குறையும். பிறகு 50 மணியில் ஒருமுறை.

ஜான் டியர் கைலீவர் கிளட்ச் வழுக்குகிறது.

வண்டியைப் பிரிக்க வேண்டாம். புல்லியின் மூடியைக் கழற்றினால் மூன்று நட்கள் காட்டர் பின்னோடு தெரியும். பின்களை எடுத்து, மூன்றையும் ஒரே அளவு, ஒவ்வொரு முறையும் ஒரு பின்துளை நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கி, லீவரைத் தள்ளிப் பாருங்கள். லீவர் பலமாகத் தள்ளியபின் டக்கென்று தாண்டி உட்கார வேண்டும். தாண்டாமல் மெத்தென்று நின்றால் இன்னும் தளர்வு. இரண்டு கையாலும் தள்ள முடியாவிட்டால் இறுக்கம் கூடிவிட்டது.

மறுபடி நெடுநாள் நிறுத்தப் போகிறோம். பிளேட் ஒட்டாமல் இருக்க?

பெடலை முழுதும் மிதித்து, கீழே மரக்கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். பிளேட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே காற்று இருக்கும்வரை ஒட்டாது. கட்டை வைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். அது முடியாவிட்டால் மாதம் ஒருமுறை எஞ்சினை ஓட்டி, சூடானதும் பெடலைப் பத்துப் பதினைந்து முறை மிதித்து விட்டாலும் போதும்.